முதலிலும் போடலாம், கடைசியிலும் போடலாம்: சாலஞ்சர் என்ற ஆங்கிலேய ஹாப்

எங்கள் வீட்டு ஃப்ரீசரில் மீன் பொட்டலத்துக்கும் துருவிய தேங்காய்க்கும் நடுவே வெள்ளி நிறப் பொட்டலம் ஒன்று எப்போதும் செருகியிருக்கும். ஊரிலிருந்து இங்கிலாந்துக்கு வந்திருந்த சித்தப்பா ஒருநாள் அதைப் பிரித்து முகர்ந்துவிட்டு, "என்னடா இது, கோழித் தீவனத்தையெல்லாம் ஐஸ்ல வச்சிருக்க?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. அது பீர் காய்ச்சும்போது போடும் ஹாப். பார்க்க அப்படித்தான் இருக்கும்: கரும்பச்சையில் விரற்கடையளவு கூட இல்லாத உருளைகள். பொட்டலத்தின் மேல் மூன்றே விவரங்கள். சாலஞ்சர் என்ற பெயர், அறுவடை ஆண்டு, 7.5 சதவீதம் என்ற ஓர் எண். மூலையில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் 'இரட்டைப் பயன்' என்று போட்டிருக்கும். சித்தப்பாவுக்கு அன்றைக்கு நான் சொன்ன விளக்கம் அரைகுறை. அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது.

பீருக்குத் தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட், ஈஸ்ட், ஹாப் என்று நான்கே சரக்கு. மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் கிடைக்கும் சாறு பாகு மாதிரித் தித்திக்கும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையில் பெரும்பகுதியைத் தின்று தீர்த்தாலும், மிச்சமிருக்கும் இனிப்பு ஒரு டம்ளருக்கு மேல் குடிக்க விடாது. திகட்டிவிடும். அதை ஈடுகட்டத்தான் ஹாப்பின் கசப்பு. அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: பீரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களை அது தலையெடுக்க விடாது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மாதக்கணக்கில் கப்பலில் ஆடிக்கொண்டு சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்த, ஏல் என்ற ஆங்கிலேயப் பாணி பீர்களில் ஹாப்பை அள்ளிப் போட்டதற்கு இதுதான் காரணம்.

ஹாப் ஒரு கொடி. கஞ்சாவின் குடும்பம்தான், ஆனால் கஞ்சாவின் போதைப்பொருள் இதில் இல்லை. தரைக்கு மேலே உள்ளது குளிர்காலத்தில் பட்டுப்போகும். வேர் மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து, வசந்தத்தில் மறுபடி முளைவிடும். கோடையின் நீண்ட பகல்களில் விறுவிறுவென்று ஏறி, பகல் சுருங்கத் தொடங்கும்போது பூக்கும். அதனால்தான் குளிர் இருக்கிறதே என்று நீலகிரியில் நட்டுப் பயனில்லை. நம் கோடைப் பகலுக்கு அந்த நீளம் போதாது. இந்தியாவில் இது விளைவது வடக்கே, இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் கொடியில் பூக்கும் செதில் செதிலான பச்சைக் கூம்புகள்தாம் சரக்கு. என் பொட்டலத்து உருளைகள் அவற்றையே உலர்த்திப் பொடித்து அழுத்தியவை.

சில ஆண்டுகளுக்கு முன்னால் செப்டம்பர் மாதத்தில் வூஸ்டர்ஷயரில் ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு உயரமான கம்பங்கள், உச்சியில் கம்பி வலை, அதிலிருந்து தரைக்கு இறங்கும் கயிறுகள், ஒவ்வொரு கயிற்றையும் கடிகாரச் சுற்றில் சுற்றிச் சுற்றி ஏறியிருக்கும் கொடி. பண்ணைக்காரர் ஒரு கூம்பைப் பறித்து, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து என் உள்ளங்கையில் வைத்தார். நடுக்காம்பை ஒட்டி, ஒவ்வொரு செதிலின் அடியிலும், மஞ்சள் தூள். நம் மஞ்சள்தூளைவிடக் கொஞ்சம் பளிச்சென்று, எலுமிச்சை நிறத்தில். "தேய்" என்று சைகை காட்டினார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்தேன். தூள் பிசினாகி ஒட்டிக்கொண்டது. முதலில் அறுத்த மரத்தின் வாசனை, அப்புறம் பச்சைத் தேயிலை, கடைசியாகப் பூவைப் போல ஏதோ ஓர் இனிப்பு. அது சாலஞ்சர். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் சாயங்காலம்வரை கையில் இருந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்திருக்கக் கூடாது, பார்த்தேன். வேப்பங்கொழுந்து தேவலை.

அந்த மஞ்சள் தூளுக்கு லூபுலின் என்று பெயர். கசப்பும் மணமும் இரண்டும் அதற்குள்தான். சிக்கல் என்னவென்றால், இரண்டையும் ஒரே நேரத்தில் முழுசாக வெளியே எடுக்க முடியாது. கசப்புக்குக் காரணமான ஆல்பா அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. மால்ட் சாற்றோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால்தான் அதன் மூலக்கூறு வடிவம் மாறி, கரையும் கசப்பாகும். மணம் தருவது எண்ணெய்கள்: மிர்சீன், ஹ்யூமுலீன், கேரியோஃபிலீன் என்று ஒரு பட்டியல். உலர்ந்த கூம்பின் எடையில் இவை பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான். ஒரு மணி நேரக் கொதியில் இவை ஆவியோடு போய்விடும்.

ரசம் நுரைகட்டி வரும்போதே இறக்கிவிடு, தளதளவென்று கொதிக்கவிட்டால் மணம் போய்விடும் என்று நம் வீடுகளில் சொல்வதில்லையா, அதே கணக்கு. புளித்தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதிக்க வேண்டும். கொத்தமல்லி இறக்கும்போது விழ வேண்டும். பீர் காய்ச்சுபவரும் அப்படித்தான் செய்கிறார். கொதி தொடங்கும்போது ஒரு பங்கு ஹாப், கசப்புக்கு. அடுப்பை அணைக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இன்னொரு பங்கு, மணத்துக்கு. சிலர் நொதித்த பிறகு பீப்பாய்க்குள்ளேயே ஒரு கைப்பிடி கூம்பைப் போட்டு மூடுவார்கள்.

இப்போது பொட்டலத்தில் இருந்த அந்த எண்ணுக்கு வருவோம். 7.5 என்பது எடையில் ஆல்பா அமிலத்தின் பங்கு. நான் வீட்டில் ஒரு தடவைக்கு 20 லிட்டர் காய்ச்சுவேன். 30 கிராம் சாலஞ்சரை முதலிலேயே போட்டால் அதில் 2,250 மில்லிகிராம் ஆல்பா அமிலம். கொதித்து, நொதித்து, அடியில் படிந்து வீணானது போக பீரில் தங்குவது அதில் கால்வாசிக்குச் சற்று மேல், 600 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 30. ஆங்கிலேயர் 'பிட்டர்' என்று அழைக்கும் பீருக்கு அது சரியான கசப்பு. இதே கசப்பை ஃபகிள் என்ற பழைய ரகத்தில் கொண்டுவர வேண்டுமானால், அதன் ஆல்பா 4.5 அளவில்தான் இருக்கும் என்பதால், 50 கிராம் வேண்டும். டார்கெட் என்ற வீரியமான ரகம் 11 சதவீதம் என்றால் 20 கிராமில் வேலை முடிந்தது.

எனக்கு 20 கிராமும் 50 கிராமும் ஒரு பொருட்டில்லை. ஆயிரக்கணக்கான பீப்பாய் காய்ச்சும் ஆலைக்கு அது கொள்முதல் செலவு, கிடங்கில் இடம், கொதிகலனின் அடியில் ஊறி உப்பி பீரைக் குடித்துக்கொண்டு கிடக்கும் சக்கை. ஆகவே பெரிய ஆலைகள் ஹாப்பை எடைபோட்டு வாங்குவதிலிருந்து மெல்ல மெல்ல ஆல்பாவைக் கணக்குப் போட்டு வாங்குவதற்கு மாறின. அப்படி மாறியபோதுதான் கசப்பு ரகம், மண ரகம் என்ற பிரிவுக்கு உயிர் வந்தது. உண்மையில் எந்த ஹாப்பையும் எதற்கும் போடலாம், செடி தடுக்காது. ஃபகிளைக் கசப்புக்குப் போட்டால் கட்டுப்படியாகாது. டார்கெட்டைக் கடைசியில் அள்ளிப் போட்டால் மூக்கில் குத்தும். இரண்டு இடத்திலும் போட்டு, இரண்டு இடத்திலும் காசும் மூக்கும் ஒத்துக்கொள்கிற நடுத்தர ரகத்துக்குத்தான் 'இரட்டைப் பயன்' என்று பெயர். என்னைக் கேட்டால் அது தாவரவியல் சொல்லே இல்லை, சந்தைச் சொல். சாலஞ்சரின் ஆல்பா பொதுவாக 6.5 முதல் 8.5 வரை. அந்த நடுத்தரம் தானாக வாய்த்ததில்லை, திட்டம் போட்டு உருவாக்கியது.

அதைச் செய்த இடம் கென்ட் மாவட்டத்தின் வை என்ற சிற்றூரிலிருந்த விவசாயக் கல்லூரி. எர்னஸ்ட் ஸ்டான்லி சால்மன் என்ற பேராசிரியர் 1906-இல் அங்கே ஹாப் இனக்கலப்பைத் தொடங்கினார். அவருடைய பெரிய கண்டுபிடிப்பு கனடாவிலிருந்து வந்தது. மானிட்டோபாவின் மோர்டன் என்ற ஊருக்கருகே காடாக மண்டிக் கிடந்த ஹாப்பின் துண்டு ஒன்றை 1916-இல் வரவழைத்து நட்டார். அதன் விதையிலிருந்து எழுந்த பிள்ளைகளில் ஒன்று ப்ரூவர்ஸ் கோல்டு. ஆல்பாவில் ஆங்கிலேய ரகங்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1934-இல் வெளியானது. பீர் ஆலைக்காரர்கள் எண்ணைப் பார்த்து மகிழ்ந்தார்கள், முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார்கள். கருந்திராட்சைப் பழம்போல ஏதோ தூக்கலாக வீசுகிறது, 'அமெரிக்க வாடை' என்றார்கள். 1927-இல் அதே கனடா ரத்தத்தில் பிறந்த பிராம்லிங் கிராஸுக்கும் அதே கதிதான், பல்லாண்டு சீந்துவாரில்லை.

எனவே அடுத்த முப்பது நாற்பது ஆண்டுக்கு வை கல்லூரியில் ஓடிய வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கனடாச் செடியின் கசப்பு வேண்டும், அதன் வாடை வேண்டாம். கான்டர்பரி கோல்டிங் என்ற பாரம்பரியப் பெண் செடியோடு ப்ரூவர்ஸ் கோல்டு வழிவந்த ஆண் செடி ஒன்றைச் சேர்த்து 1934-இல் சால்மன் உண்டாக்கிய நார்தர்ன் ப்ரூவர் அந்த வழியில் முதல் பெரிய வெற்றி. பிற்கால ஐரோப்பிய ரகங்கள் பலவற்றுக்கு அதுவே பாட்டி. ஜெர்மனியின் பெர்லே ரகம்கூட அதன் வயிற்றில் பிறந்ததுதான்.

இதற்குள் நோய்கள் வந்துவிட்டன. வந்த வேகத்தைச் சொன்னால்தான் சாலஞ்சர் ஏன் பிறந்தது என்பது விளங்கும். 1920-இல் இங்கிலாந்தில் அடிச்சாம்பல் நோய் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. பட்ட இடமும் வை கல்லூரிதான், பாருங்கள், வைத்தியர் வீட்டிலேயே காய்ச்சல். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பா முழுக்கப் பரவியது. அதன் அடியைத் தாங்காமல்தான் ஜெர்மானியர் 1926-இல் பவேரியாவின் ஹ்யூல் என்ற கிராமத்தில் தனி ஆராய்ச்சி நிலையமே தொடங்கினார்கள். 1924-இல் கென்டின் பென்ஸ்ஹர்ஸ்டில் வாடல் நோய் தலைகாட்டியது. முன்னதற்காவது மருந்தடிக்கலாம். பின்னது மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சை. வேர் வழியாக ஏறி, நீர் செல்லும் குழாய்களை அடைத்து, பச்சையாக நின்ற கொடியை ஆகஸ்டில் புலிவரி போட்ட மஞ்சள் இலையோடு சாய்த்துவிடும். செடியைப் பிடுங்கி எரிக்கலாம், மண்ணை என்ன செய்வது? ஆண்டுக்கணக்கில் அங்கேயே காத்திருக்கும். டிராக்டர் சக்கரத்தில் ஒட்டிய சேறு போதும், அடுத்த தோட்டத்துக்குப் போக. ஃபகிள் இதற்கு முதல் பலி. கென்டில் ஃபகிள் தோட்டங்கள் அழிந்ததில் பெரும்பங்கு வாடல் நோயுடையது.

சால்மனுக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் ரே நெவ். கையெழுத்துச் சுத்தமான மனிதர் என்று கற்பனை செய்துகொள்வேன், அவ்வளவு ஒழுங்கான வேலை. ஒரு கலப்பின் விதைகளை முளைக்கவைத்து, நோய்ப் பூஞ்சையை அவற்றின் மேலேயே விட்டு, தப்பிப் பிழைத்ததை மட்டும் வளர்த்து, பூக்கவைத்து, ஆல்பா பார்த்து, முகர்ந்து, பண்ணையில் நட்டு, கடைசியாகக் காய்ச்சிப் பார்ப்பது. ஒரு ரகத்துக்குப் பத்தாண்டு சர்வசாதாரணம். நோய் எதிர்ப்பையும் நார்தர்ன் ப்ரூவரின் கசப்பையும் ஒன்றுசேர்த்து அவர் 1970-களின் தொடக்கத்தில் வரிசையாக மூன்று ரகங்களை வெளியிட்டார்: நார்த்டவுன், சாலஞ்சர், டார்கெட். சாலஞ்சர் வெளியானது 1972-இல்.

நார்தர்ன் ப்ரூவருக்குச் சாலஞ்சர் பேத்தி, நார்த்டவுனுக்கு உடன்பிறந்தார் வழி மகள் என்று ஹாப் பட்டியல்கள் சொல்லும். அத்தையா, சித்தியா, பெரியம்மாவா என்று ஆங்கிலேயர் யாரும் கேட்பதில்லை. ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்த வழக்கெல்லாம் நமக்குத்தான்.

மூன்றில் சாலஞ்சருக்குக் கிடைத்த வரம் அடிச்சாம்பல் எதிர்ப்பு. கிடைக்காதது வாடல் எதிர்ப்பு. அந்த ஒன்று அதன் ஜாதகத்தையே எழுதிவிட்டது. வாடல் பீடித்த கென்டில் வாடலைத் தாங்கும் டார்கெட் ஓங்கியது. சாலஞ்சர் மேற்கே, நோய் அவ்வளவாக எட்டாத ஹெரிஃபோர்ட்ஷயர், வூஸ்டர்ஷயர் பக்கம் வேரூன்றியது. இந்த இரண்டு பிரதேசத்துக்கும் பேச்சே வேறு. கென்டில் ஹாப் தோட்டம் என்பதை மேற்கில் ஹாப் முற்றம் என்பார்கள். கூம்பை உலர்த்தும் கூடத்துக்குக் கென்டில் ஓஸ்ட், மேற்கில் சூளை. லண்டன் கிழக்குப் பகுதிக் குடும்பங்கள் செப்டம்பரில் மூட்டை முடிச்சோடு கென்டுக்குப் பறிக்கப் போன கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மேற்குக்கு வேல்ஸிலிருந்தும் பர்மிங்ஹாமை ஒட்டிய தொழில்நகரங்களிலிருந்தும் ஆள் வந்தது. சாலஞ்சர் அதையெல்லாம் பார்க்கவில்லை. அது வந்து சேர்ந்தபோது பறிப்பது இயந்திரத்தின் வேலையாகிவிட்டிருந்தது.

விவசாயிக்கு இரட்டைப் பயன் ஏன் பிடித்தது என்று புரிய, ஹாப் நடுவது எப்பேர்ப்பட்ட சூதாட்டம் என்று தெரிய வேண்டும். கம்பம், கம்பி, நங்கூரம் என்று ஏக்கருக்குக் கொட்டவேண்டிய முதல் பெரிது. நட்ட செடி முழு மகசூலுக்கு வர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அப்புறம் பதினைந்து இருபது ஆண்டு அதுதான் நிற்கும். இன்றைக்கு நடுகிற ரகம் இருபது ஆண்டு கழித்தும் விலைபோகும் என்று நம்பித்தான் குழி தோண்டுகிறார்கள். 1932 முதல் இங்கிலாந்தில் ஹாப் விற்பனை வாரியம் ஒன்று இருந்தது. எவ்வளவு விளைவிக்கலாம் என்று பங்கு பிரித்துக் கொடுத்து, மொத்தமாக வாங்கி, ஆலைகளுக்கு விற்றது. அந்தக் குடை இருந்தவரை பயமில்லை. 1973-இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்ததும் குடையில் ஓட்டை விழுந்தது. 1982-இல் மடக்கியே வைத்துவிட்டார்கள். நேரடியாகச் சந்தையில் நிற்கும் விவசாயிக்கு, கசப்புக்கு வாங்குபவனிடமும் விற்கலாம், மணத்துக்கு வாங்குபவனிடமும் விற்கலாம் என்ற ஒரு செடி காப்பீட்டுப் பத்திரம் மாதிரி.

ஆனால் இரண்டு பக்கமும் நீட்டிய கை இரண்டு பக்கமும் அடிவாங்கும். முதல் அடி லாகர், நன்றாகக் குளிரவைத்துக் குடிக்கும் வெளிர்நிற பீர். 1960-இல் பிரிட்டனில் விற்ற பீரில் லாகர் கடுகளவு. 1990 வாக்கில் பாதி. லாகருக்குக் கசப்பு குறைவு, ஹாப்பும் குறைவு. கசப்பை மட்டும் மலிவாகத் தேடியவர்கள் ஆல்பா 12, 14 என்று ஏறிய ரகங்களுக்கும், ஹாப்பிலிருந்து பிழிந்த சாரத்துக்கும் போய்விட்டார்கள். ஏழரை சதவீதத்தை அங்கே யார் மதிப்பார்கள்?

இரண்டாவது அடி வந்த திசையை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். சாலஞ்சர் வெளியான அதே 1972-இல் அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்தில், அரசு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு ரகம் வெளிவந்தது. பெயர் கேஸ்கேட். அதன் பாட்டி யார் தெரியுமா? நம் ஃபகிள். ஆல்பாவும் சாலஞ்சரைவிடக் கொஞ்சம் குறைவுதான். காகிதத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. முகர்ந்தால் தெரியும். கேஸ்கேடில் பம்ப்ளிமாசுத் தோலை உரித்த வாசம் அடிக்கும். எந்த 'அமெரிக்க வாடை' வேண்டாம் என்று வை கல்லூரியில் நாற்பது ஆண்டு சலித்துச் சலித்து ஒதுக்கினார்களோ, அதற்கு நெருங்கிய சொந்தம். 1980-இல் சியரா நெவாடா ஆலை அதை முன்னிறுத்தி ஒரு பேல் ஏல் காய்ச்சியது. அடுத்த முப்பது ஆண்டில் உலகத்தின் மூக்கே மாறிப்போனது. பீர் என்றால் எலுமிச்சை, மாம்பழம், பைன் பிசின் மணக்க வேண்டும் என்று ஒரு தலைமுறை பழகிவிட்டது. அடக்கமாக இருப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட சாலஞ்சர் அந்தக் கச்சேரியில் சுருதிப்பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது. இருக்கிறதா என்றே பலருக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்தின் ஹாப் பரப்பே சுருங்கிவிட்டது. 1878-இல் உச்சத்தில் சுமார் 72,000 ஏக்கர். இன்று 2,500 ஏக்கருக்கும் கீழே. அரசும் கைவிட்டது: வை நிலையத்தின் ஹாப் ஆராய்ச்சிக்கான பணத்தை 2000-களின் நடுவில் நிறுத்தினார்கள். கல்லூரியும் 2009-இல் மூடப்பட்டது. இனக்கலப்பு வேலையை விவசாயிகளின் சங்கமே எடுத்து, கான்டர்பரிக்கு அருகில் ஒரு பண்ணையில் தொடர்கிறது. இதற்கிடையே சாலஞ்சரின் இடத்துக்கும் ஆள் தேடினார்கள். 1990-களில் வந்த ஃபீனிக்ஸ் மணத்தில் நன்றாகவே இருந்தது, மகசூலில் ஏமாற்றியது. வேலி மட்டத்துக்கு மேல் வளராத குட்டை ரகமான ஃபர்ஸ்ட் கோல்டு வந்தது. வாடலைத் தாங்கும் பில்கிரிம் வந்தது. அவையும் இரட்டைப் பயன்தான். ஒவ்வொன்றைப் பற்றியும் தனியாக எழுதலாம். இங்கே வேண்டாம்.

அப்படியிருந்தும் சாலஞ்சர் ஒழியவில்லை. ஏன் என்று தெரிய லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதிக்குப் போக வேண்டும். கோனிஸ்டன் என்ற ஊரில் பிளாக் புல் என்ற பழைய விடுதி. அதன் பின்கட்டில் 1995-இல் ஒரு சின்ன ஆலை தொடங்கினார்கள். பக்கத்து ஏரியில்தான் 1967 ஜனவரியில் டொனால்டு கேம்பெல் தம் புளூபேர்டு படகில் வேகச் சாதனைக்கு முயன்று உயிரை விட்டார். அந்தப் பெயரையே தங்கள் பீருக்கும் வைத்தார்கள். பீப்பாய் புளூபேர்டு பிட்டரில் ஆல்கஹால் 3.6 சதவீதம்தான். அதில் போடும் ஹாப் ஒன்றே ஒன்று, சாலஞ்சர். ஆரம்பித்து மூன்றே ஆண்டில், 1998-இல், பீப்பாயிலேயே முதிரும் பாரம்பரிய பீருக்காகக் குரல்கொடுக்கும் 'உண்மை ஏல்' பிரசார அமைப்பு நடத்தும் போட்டியில் பிரிட்டனின் தலைசிறந்த பீர் என்ற பட்டத்தை வாங்கிவிட்டது.

அந்த 3.6 என்ற எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. ஆங்கிலேயப் பிட்டர், பப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டே மூன்று கோப்பை குடிப்பதற்கான பானம். அதிகக் குளிரில்லாமல், நிலவறை வெப்பத்தில், லேசான நுரையோடு கொடுப்பார்கள். மால்ட்டின் பிஸ்கட் வாசம் மெலிதாக இருக்கும். அதன்மேல் மாம்பழ வாசத்தை ஊற்றினால் இரண்டாம் கோப்பையில் சலித்துவிடும். டார்கெட்டைப் போட்டால் தொண்டையில் நிற்கும். சாலஞ்சரின் கசப்பு வட்டமாக வந்து நாக்கின் பின்பக்கம் தங்கி, அடுத்த வாய்க்கு இடம் விட்டு விலகிவிடும். கடைசியில் போட்டால் அந்தத் தேயிலை, மர வாசம் மால்ட்டோடு ஒட்டிக்கொள்ளும், மேலே ஏறி உட்காராது. ஆரம்பத்தில் போட்டதும் கடைசியில் போட்டதும் ஒரே ரகம் என்பதால் இரண்டுக்கும் நடுவே தையல் தெரியாது. இது என் நாக்கின் தீர்ப்பு, ஒப்புக்கொள்ளாதவர்கள் நிறைய உண்டு. பழைய துணி ஊறவைத்த தண்ணீர் என்று சொன்ன நண்பரும் எனக்கு இருக்கிறார். அவருக்கு நான் இப்போதெல்லாம் தேநீர்தான் கொடுப்பது.

வூஸ்டர்ஷயர் பண்ணையில் இன்னொன்றும் பார்த்தேன். கொடி ஏறியிருந்த கயிறு எனக்குப் பார்த்த முகம் போலிருந்தது. தொட்டுப் பார்த்தேன், சொரசொரவென்று தென்னை நார். கேரளத்திலும் இலங்கையிலும் திரித்த நார்க்கயிறு ஹாப் விளையும் நாடுகளுக்குக் கப்பலேறிப் போகிறது. ஹாப் கொடிக்குத் தண்டில் கொக்கி மாதிரி நுண்ணிய மயிர்கள் உண்டு. வழுவழுப்பான பிளாஸ்டிக் கயிற்றில் அவற்றுக்குப் பிடி கிடைக்காது, நார்க்கயிற்றில் பற்றிக்கொள்ளும். அறுவடையில் கொடியோடு சேர்த்து வெட்டி எடுத்து, கூம்புகளைப் பிரித்த பின் கொடியும் கயிறும் ஒன்றாக மக்கிப்போகும். ஆங்கிலத்தில் அந்தக் கயிற்றுக்குப் பெயர் காயர். நம் கயிறுதான், மலையாளக் கரையில் கப்பலேறியபோது கொஞ்சம் உருமாறிவிட்டது.

பறித்த கூம்பில் ஐந்தில் நான்கு பங்கு ஈரம். அன்றைக்கே சூளையில் பரப்பி 60 டிகிரி சொச்சத்தில் பத்து சதவீத ஈரம் வரும்வரை உலர்த்துகிறார்கள். கொஞ்சம் கூடினால் எண்ணெய் போய்விடும், குறைந்தால் மூட்டைக்குள் சூடேறிக் கெடும். பண்ணைக்காரர் கருவியைப் பார்த்தாலும், கடைசியில் ஒரு கூம்பை எடுத்து நடுக்காம்பை ஒடித்துப் பார்த்தார். சடக் என்று ஒடிந்தது. அப்புறம்தான் சூளையை நிறுத்தினார்.

"இந்த வருஷம் ஆல்பா எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். வானத்தைக் காட்டினார்.

அதில் கேலி இல்லை. ஜூலையில் வெயில் கொளுத்தி மழை பொய்த்தால் கூம்பு சிறுக்கும், ஆல்பா இறங்கும். 2022-இல் ஐரோப்பா முழுக்க அப்படித்தான் ஆனது. ஜெர்மனி, செக், ஸ்லோவேனியத் தோட்டங்களின் பல்லாண்டுத் தரவுகளை வைத்து 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று, 2050-க்குள் அங்கே பாரம்பரிய மண ரகங்களின் ஆல்பா 20 முதல் 31 சதவீதம்வரை குறையக்கூடும் என்று கணித்தது. இங்கிலாந்தின் ஈரக் கோடை இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் ஒரே ரகம், ஒரே பண்ணை, ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு எண் என்பது ஏற்கெனவே வழக்கமாகிவிட்டது. பொட்டலத்தில் அறுவடை ஆண்டைப் போடுவது அலங்காரத்துக்கு இல்லை.

சித்தப்பா மோப்பம் பிடித்த பொட்டலம் தீர்ந்து, போன மாதம் புதிது வாங்கினேன். அதே சாலஞ்சர், அதே கடை. எண் மட்டும் 6.8. பழைய கணக்குப்படி 30 கிராம் போட்டால் கசப்பு ஒரு படி இறங்கியிருக்கும். தராசை எடுத்து வைத்து, 33 கிராம் நிறுத்துப் போட்டேன்.